நேரு ராஜாஜிக்கு எழுதிய அந்த ஒரு வரி

கடிதக்கட்டு

ரெண்டு நாளாக ஒரு வரி மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது, இங்கே போட்டால்தான் தூக்கம் வரும் போல. 1952இல் சென்னை மாகாணத்தில் மந்திரிசபை அமைத்த சமயத்தில் நேரு ராஜாஜிக்குத் தனிப்பட்ட முறையில் எழுதியது. நாம் பதவியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம், என்ன ஆனாலும் சரி மற்றவர்களை உள்ளே விடக்கூடாது என்று நினைக்கிறோம், இந்தத் தோற்றத்தை மட்டும் நாம் கொடுத்துவிடக் கூடாது. இதுதான் சாரம்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல், 1951 அக்டோபரில் ஆரம்பித்து 1952 பிப்ரவரி வரை இழுத்தது. டெல்லியில் காங்கிரஸுக்கு 489இல் 364, கவலையே இல்லை. சென்னையில்தான் அடி. அப்போதைய சென்னை மாகாணம் என்றால் ஆந்திரக் கடற்கரை, மலபார் எல்லாம் சேர்ந்தது, மொத்தம் 375 இடம், காங்கிரஸுக்குக் கிடைத்தது 152. முதலமைச்சர் குமாரசாமி ராஜாவே ஸ்ரீவில்லிபுத்தூரில் தோற்றார், பக்தவத்சலமும் தோற்றார். ஆந்திரத் தலைவர் பிரகாசம் தலைமையில் கம்யூனிஸ்டுகள், கிசான் மஸ்தூர் கட்சி எல்லாம் ஒரு முன்னணியாகி எங்களிடம் 166 பேர் இருக்கிறார்கள் என்று கவர்னரிடம் போனார்கள். கவர்னர் ஸ்ரீபிரகாசா அவர்களைக் கூப்பிடவில்லை. தேர்தலில் நிற்கவே நிற்காத ராஜாஜியைச் சட்ட மேலவைக்கு நியமனம் செய்து, அவரை மந்திரிசபை அமைக்கச் சொன்னார். ஏப்ரல் 10ஆம் தேதி பதவியேற்பு.

இந்த ஏற்பாட்டில் லாபம் முழுக்க நேருவின் கட்சிக்குத்தான். இருந்தும் மனுஷன் இப்படி எழுதுகிறார். பத்திரிகைக்கு எழுதியதில்லை, மேடையில் கைதட்டலுக்குச் சொன்னதுமில்லை. எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

செங்கரும்பு

நல்லா இருக்கு அண்ணே உங்கள் பெரிய விஷயம். கடிதம் எழுதினார் சரி, அப்புறம் என்ன செய்தார்? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே.

1952இல் நேரு பிரதமர் மட்டும் இல்லை. முந்தின வருஷம் டாண்டனை இறக்கிவிட்டுக் காங்கிரஸ் தலைவர் பதவியையும் தானே எடுத்துக்கொண்டவர். ஆட்சியும் அவர் கையில், கட்சியும் அவர் கையில். இந்த ரெண்டையும் வைத்துக்கொண்டு ஒருவர் தன் கட்சிக்காரருக்கு "தோற்றம் சரியில்லை" என்று எழுதுகிறார் என்றால் அது கண்டனமா, முணுமுணுப்பா? ராஜாஜி 1954 ஏப்ரல் வரை நாற்காலியில் இருந்தார். ஒரு இடைத்தேர்தலில்கூட நிற்கவில்லை.

அதைவிட முக்கியமானது ஒன்று. நீங்களே எழுதியிருக்கிற வரியை இன்னொரு தரம் படியுங்கள். "தோற்றத்தை" கொடுத்துவிடக் கூடாது. செய்யக்கூடாது என்று சொல்லவில்லை, செய்வது வெளியே தெரியக்கூடாது என்கிறார். வீட்டில் பெரியவர்கள் சொல்வார்களே, பாலைக் குடி, மீசையில் ஒட்டாமல் குடி என்று, அந்த ரகம்.

இடைச்செருகல்

மீசை இல்லாத ரெண்டு பேருக்கு இந்த உதாரணமா 😄

பெசன்ட்நகர் பெரியவர்

செங்கரும்பு தம்பி, ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். நேரு எழுதியது ஆங்கிலத்தில். அந்தக் கால அரசியல் நாகரிகத்தில் தன்னைவிட வயதில் மூத்த, கவர்னர் ஜெனரலாகவே இருந்த மனிதருக்கு "நீங்கள் செய்வது தப்பு" என்று நேராக எழுத மாட்டார்கள். ராஜாஜிக்கு அப்போது 73 வயது. முந்தின வருஷக் கடைசியில்தான் மத்திய உள்துறையை விட்டுவிட்டு வந்து ஓய்வாக இருந்தார். அவருக்கு இதைவிடக் காரமாக எழுதியிருக்க முடியாது.

இன்னொன்று. எல்லோரும் 152ஐச் சொல்கிறீர்கள், எதிர்ப்பக்கத்தை ஏன் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை? பெரும்பான்மைக்கு 188 வேண்டும். பிரகாசம் சொன்ன 166ம் அதைத் தொடவில்லை. அதிலும் கம்யூனிஸ்ட் 62, கிசான் மஸ்தூர் 35, மிச்சமெல்லாம் சில்லறை. தெலங்கானாவில் துப்பாக்கியைக் கீழே வைத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, 1951 அக்டோபரில்தான் போராட்டத்தை வாபஸ் வாங்கினார்கள். அப்படிப்பட்ட சமயத்தில் கம்யூனிஸ்டுகளே முதுகெலும்பாக இருக்கும் ஒரு கூட்டணியிடம் மாகாணத்தைக் கொடுக்கலாமா என்று ஒரு கவர்னர் தயங்கினால் அதில் ஆச்சரியம் என்ன? ராஜாஜி ஒளித்து மறைத்துச் செய்யவில்லை. சட்டசபையிலேயே கம்யூனிஸ்டுகளைப் பார்த்து நான்தான் உங்கள் முதல் எதிரி, நீங்கள்தான் என் முதல் எதிரி என்று சொன்னவர். ஜூலை 3ஆம் தேதி ஓட்டெடுப்பில் 200க்கு 151 என்று ஜெயித்தும் காட்டினார். அதற்கப்புறம் அது சட்டப்படி பெரும்பான்மை அரசு. முடிந்தது.

வாலாஜாக்காரன்

பெரியவரே, அந்த 200 எப்படி 200 ஆச்சுன்னு எங்க வீட்டில் ஒரு கதை உண்டு. கேளுங்க.

எங்க தாத்தா வட ஆற்காட்டுக்காரர், அந்தத் தேர்தலில் காமன்வீல் கட்சிக்கு ஓட்டுப் போட்டவர். மாணிக்கவேலு நாயக்கர் கட்சி. திமுக அந்தத் தேர்தலில் நேரடியாக நிற்கவில்லை, தங்கள் கொள்கைக்கு ஆதரவாகக் கையெழுத்துப் போட்டுத் தருகிறவர்களுக்கு வேலை செய்தார்கள், காமன்வீலும் உழைப்பாளர் கட்சியும் அப்படிக் கையெழுத்துப் போட்டவைதான். தாத்தா அப்போது கூட்டத்துக்கெல்லாம் போய் நின்றவர்.

ஓட்டுப் போட்ட நாளை அவர் சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போ மாதிரி சீட்டில் முத்திரை குத்துகிற வேலை கிடையாது. ஆளாளுக்கு ஒரு இரும்புப் பெட்டி, பெட்டிமேல் சின்னம் ஒட்டியிருக்கும், திரைக்குப் பின்னால் வரிசையாக வைத்திருப்பார்கள். ரூபாய் நோட்டு அளவுக்கு ஒரு சின்னச் சீட்டைக் கையில் கொடுப்பார்கள், அதை யார் பெட்டியில் போடுகிறோமோ அவருக்கு ஓட்டு. பாட்டி உள்ளே போனவர் ரொம்ப நேரமாக வெளியே வரவில்லையாம். என்னடாவென்று கேட்டால், காங்கிரஸ் சின்னமான காளைமாடு போட்ட பெட்டியைப் பார்த்ததும் கும்பிட்டுவிட்டு, அப்புறம் பக்கத்துப் பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வந்தாராம். சாமிக்குக் கும்பிடு, கட்சிக்கு ஓட்டு.

இவ்வளவு பாடுபட்டுப் போட்ட ஓட்டு. ஆறு பேர் ஜெயித்தார்கள். நாயக்கர் ராஜாஜி மந்திரிசபையிலேயே மந்திரி ஆகிவிட்டார், வருவாய்த் துறை. தாத்தா அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை என்று பாட்டி சொல்வார். ஆகவே அந்த 200இல் எங்க தாத்தாவின் சீட்டும் இருக்கிறது, அவரைக் கேட்காமலே.

செங்கரும்பு

வாலாஜாக்காரன் அண்ணே, இதைவிடச் சிறப்பாகச் சொல்ல முடியாது.

பெரியவர் சொல்கிற 166 கணக்குக்கு ஒரு பதில். 188 யாரிடமும் இல்லை என்பது சரி. அப்படியானால் 166 உள்ளவரைக் கூப்பிடுவதா, 152 உள்ளவரைக் கூப்பிடுவதா? "நாங்கள் கம்யூனிஸ்டைப் பிடிக்காதவர்கள், ஆகையால் 152தான் 166ஐவிடப் பெரியது" என்று அரசியல் சட்டத்தில் எங்கே இருக்கிறது? அரசியல் சட்டம் அமலுக்கு வந்து ரெண்டே வருஷம், மை காயவில்லை. நம்ம கம்யூனிஸ்ட் தலைவர் பி. ராமமூர்த்தி உயர் நீதிமன்றம் வரைக்கும் போனார் இந்த நியமனத்தை எதிர்த்து, தள்ளுபடி ஆனது, வேறு விஷயம். கோர்ட்டு தள்ளியதால் அது நியாயம் ஆகிவிடாது.

மேலவை நியமனம் எதற்கு வைத்தார்கள்? இலக்கியம், அறிவியல், கலை, கூட்டுறவு இயக்கம், சமூக சேவை என்று இருக்கிறது. ராஜாஜி நல்ல எழுத்தாளர், யாரும் மறுக்கவில்லை. அதற்காக இலக்கியக் கதவு வழியாக உள்ளே வந்து முதலமைச்சர் நாற்காலியில் உட்காரலாமா?

இடைச்செருகல்

நியமனம் கிடைக்கும் என்றால் நானும் ரெண்டு சிறுகதை எழுதி வைத்திருக்கிறேன், கவர்னர் மாளிகை முகவரி யாரிடமாவது இருக்கா

கடிதக்கட்டு

சிரிப்பை விடுங்கள், நான் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ராஜாஜி செய்தது சரியா தப்பா என்று கேட்டால் எனக்கும் தப்பு என்றுதான் படுகிறது. நான் கேட்டது நேருவின் கடிதத்தைப் பற்றி.

செங்கரும்பு, நீங்கள் கேட்கிறீர்கள், ஏன் ஒரு உத்தரவு போட்டு நிறுத்தவில்லை என்று. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நேரு டெல்லியில் உட்கார்ந்துகொண்டு "ராஜாஜி கூடாது, பிரகாசத்தைக் கூப்பிடு" என்று கவர்னருக்குத் தந்தி அடித்திருந்தால் இன்றைக்கு நீங்கள் என்ன எழுதுவீர்கள்? முதல் தேர்தலிலேயே மாகாண சுயாட்சியின் கழுத்தைத் திருகினார் என்று எழுதுவீர்கள். டெல்லி முதலமைச்சரை நியமிக்கிற வியாதி அப்போதே ஆரம்பித்துவிட்டது என்பீர்கள். தமிழ்நாட்டில் உட்கார்ந்துகொண்டு கவர்னர்களை இத்தனை வருஷம் திட்டுகிற நாம், ஒரு கவர்னரை டெல்லி அதட்டவில்லை என்று குறைப்படுகிறோம். ஒரு பிரதமருக்கு அங்கே இருந்த மரியாதையான வழி நண்பருக்குக் கடிதம் எழுதுவதுதான், எழுதினார்.

அப்புறம் அந்தத் தேர்தல் அவருக்கு என்னவாக இருந்தது என்பதையும் பாருங்கள். தேர்தல் சுற்றுப்பயணத்தின் நடுவே 1951 டிசம்பரில் கடைசி வைஸ்ராய் மவுன்ட்பேட்டனின் மனைவி எட்வினாவுக்கு எழுதுகிறார்...

இடைச்செருகல்

வந்துட்டாங்கய்யா வந்துட்டாங்க

கடிதக்கட்டு

நினைத்தேன். முழுசாகப் படித்துவிட்டுப் பேசுங்கள். அந்தக் கடிதத்தில் நீங்கள் தேடுகிற சமாச்சாரம் ஒன்றும் இல்லை. போகிற இடமெல்லாம் ஜனத்திரள், அந்த முகங்களை, அவர்கள் உடுத்தியிருப்பதை, தன் பேச்சுக்கு அவர்கள் முகம் எப்படி மாறுகிறது என்பதை ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பது தனக்குப் பிடித்திருக்கிறது என்று எழுதுகிறார். கிட்டத்தட்ட 25,000 மைல் சுற்றினார் அந்தத் தேர்தலுக்கு. அதே வருஷம் பொதுவில் வயதுவந்தோர் வாக்குரிமை நல்ல ஆட்களைக் கொண்டுவருமா என்று சந்தேகமாகப் பேசியவர், தேர்தல் முடிந்ததும் எழுதப்படிக்கத் தெரியாத வாக்காளர்மேல் தனக்கு மரியாதை கூடிவிட்டது என்று சொன்னார். வாலாஜாக்காரன் பாட்டி போன்றவர்களைப் பார்த்துத்தான். 17 கோடிக்கு மேல் வாக்காளர்கள், பெரும்பாலோருக்கு எழுத்து தெரியாது, சுகுமார் சென் என்ற ஒரு தேர்தல் ஆணையர் பெட்டியும் சின்னமும் வைத்து நடத்திக் காட்டினார். அதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்த ஆள், சென்னையில் அந்த ஓட்டை வளைக்கிறார்கள் என்றதும் உறுத்தியிருக்கிறது. அதுதான் அந்த வரி.

மயிலாப்பூர் கோதாவரி

வணக்கம். பொதுவாகப் படித்துவிட்டுப் போய்விடுவேன், இன்று எழுதுகிறேன்.

நான் மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்த தெலுங்குக்காரி. எங்கள் வீட்டில் 1952 என்றால் நீங்கள் பேசுகிற ஏப்ரல் கிடையாது, டிசம்பர். நீங்கள் நேரு ராஜாஜிக்கு எழுதிய ஒரு கடிதத்தைக் கொண்டுவந்தீர்கள், நான் அதே ஆள் அதே ஆளுக்கு அதே வருஷம் எழுதிய இன்னொன்றைக் கொண்டுவருகிறேன். டிசம்பர் 3. ஆந்திர மாகாணத்துக்காக ஏதோ ஒரு உண்ணாவிரதம் நடக்கிறதாம், எனக்குப் பதற்றமான தந்திகள் வருகின்றன, நான் கொஞ்சமும் அசையவில்லை, அதை முழுக்க அலட்சியம் செய்யப் போகிறேன். இந்தத் தொனியில் எழுதுகிறார்.

அந்த "ஏதோ ஒரு உண்ணாவிரதம்" பொட்டி ஸ்ரீராமுலு. அக்டோபர் 19இல் ஆரம்பித்தார், மயிலாப்பூரில் சாம்பமூர்த்தி வீட்டில். நேரு அந்தக் கடிதத்தை எழுதுகிறபோது ஆறு வாரம் தாண்டிவிட்டது. 15ஆம் தேதி ராத்திரி இறந்தார், 58ஆவது நாள். எங்கள் பாட்டனார் அந்த வீட்டுப் பக்கம் தினமும் காலையில் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வருவாராம், உள்ளே போக மாட்டார், வாசலில் நிற்கிறவர்கள் முகத்தைப் பார்த்தாலே நிலவரம் தெரிந்துவிடும் என்பார்.

இதற்கும் தேர்தலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். காங்கிரஸ் வாங்கிய 152இல் ஆந்திரப் பகுதியில் கிடைத்தது வெறும் 43. ஏன்? தனி மாகாணம் தருகிறோம் என்று இழுத்தடித்ததற்குத்தான் அந்த அடி. ஜனங்கள் பெட்டியில் சீட்டுப் போட்டுச் சொல்லியாகிவிட்டது. கவர்னர் அதைக் கேட்கவில்லை. நேரு "தோற்றம்" என்று எழுதினார். எட்டு மாதம் கழித்து அதே மக்கள் வேறு மாதிரி சொன்னபோது "அலட்சியம்" என்று எழுதினார். கடிதக்கட்டு சார் முதல் கடிதத்தை மட்டும் எடுத்துவைத்து இவர்தான் நேரு என்கிறார். ரெண்டாவதை என்ன செய்வது?

செங்கரும்பு

அக்கா 🙏

பெசன்ட்நகர் பெரியவர்

அம்மா, நீங்கள் சொன்னது உண்மை. ஆனால் மூன்றாவதும் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். டிசம்பர் 12ஆம் தேதியே, ஸ்ரீராமுலு உயிரோடு இருக்கும்போதே, நேரு மறுபடி ராஜாஜிக்கு எழுதினார். ஆந்திரக் கோரிக்கையை ஏற்கிற நேரம் வந்துவிட்டது, இல்லாவிட்டால் ஆந்திரர்களிடம் விரக்தி முற்றிவிடும், அப்புறம் நம்மால் எட்டிப் பிடிக்க முடியாது என்று. ஒன்பது நாளில் மனசு மாறியிருக்கிறது.

மயிலாப்பூர் கோதாவரி

தெரியும் ஐயா. மூன்று நாள் பிந்திவிட்டது என்று சொல்லலாம், ஆறு வாரம் பிந்திவிட்டது என்றும் சொல்லலாம். எங்கள் வீட்டில் ரெண்டாவதைத்தான் சொல்வார்கள்.

இன்னும் ஒரு வேடிக்கை சொல்லிவிட்டுப் போகிறேன். 1953 அக்டோபர் 1ஆம் தேதி ஆந்திர மாநிலம் பிறந்ததும் முதல் முதலமைச்சர் யார்? பிரகாசம். ஆபத்தான கூட்டாளிகளோடு வருகிறார் என்று 1952இல் வாசலிலேயே நிறுத்தப்பட்ட அதே பிரகாசம். இந்தத் தடவை காங்கிரஸ் ஆதரவோடு.

கடிதக்கட்டு

அக்கா, சார் எல்லாம் வேண்டாம், தம்பி என்றே சொல்லுங்கள். நீங்கள் கேட்டதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை, அதனால் நேற்று எழுதாமல் விட்டேன்.

யோசித்ததில் தோன்றியது இது. நான் முதல் பதிவில் "தனிக்கடிதம், ஆகவே உண்மையான மனசு" என்கிற மாதிரி எழுதிவிட்டேன். அது அவசரப்பட்டது. நேருவின் கடிதங்களையே எடுத்துக்கொண்டால், 1947 அக்டோபரிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒரு தரம் முதலமைச்சர்களுக்கு எழுதினார், வாத்தியார் மாதிரி. அதில் ஒரு நேரு. நண்பர்களுக்கு எழுதும்போது ஒரு நேரு. காரியம் சாதிக்க எழுதும்போது வேறொரு நேரு. 1949 செப்டம்பரில் ராஜேந்திர பிரசாத்துக்கு எழுதியதை எடுத்துக்கொள்ளுங்கள், குடியரசின் முதல் தலைவர் யார் என்ற பேச்சு நடந்த சமயம். நானும் வல்லபபாயும் பேசினோம், கவர்னர் ஜெனரலாக இருக்கும் ராஜாஜியே தொடர்வதுதான் நல்லது என்று எங்களுக்குப் படுகிறது என்று எழுதினார். பிரசாத் மனசு நொந்துபோய் நீண்ட பதில் எழுதினார், பட்டேல் பெயரையும் சேர்த்து இழுத்தது நேருவுக்கே சங்கடமாகிவிட்டது. கடைசியில் பிரசாத்தான் ஆனார். தனிக்கடிதத்திலும் மனுஷன் காய் நகர்த்துவார் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

ஆனாலும் செங்கரும்பு சொன்ன "தோற்றம்" வாதத்தை முழுசாக ஒத்துக்கொள்ள முடியவில்லை. காய் நகர்த்த நினைத்திருந்தால் எழுதாமலே இருந்திருக்கலாமே? சும்மா இருந்தாலே அவருக்கு லாபம். ஒரு மாகாணம் கையில் நிற்கிறது, எதிர்க்கட்சி உடைகிறது. எழுதினால் ராஜாஜிக்குக் கசக்கும், பதிலுக்கு அவருக்கும் கசக்கும். அவ்வளவு தெரிந்தும் எழுதினார் என்பதில் ஏதோ இருக்கிறது.

செங்கரும்பு

ஏதோ இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். அதற்குப் பெயர் உறுத்தல். திருடன் வீட்டுக்காரிக்கும் உறுத்தும், ஆனால் நகையைப் போட்டுக்கொள்வாள்.

நீங்கள் மாகாண சுயாட்சி என்றீர்களே, அதற்குப் பதில் சொல்லவில்லை இன்னும். டெல்லி தலையிடக்கூடாது என்பது நேருவின் கொள்கையாக இருந்திருந்தால் நான் தொப்பியைக் கழற்றுவேன். 1954இல் திருவிதாங்கூர் கொச்சியில் என்ன நடந்தது? 117 பேர் சபையில் பட்டம் தாணுப்பிள்ளை கட்சிக்கு 19 பேர். 19! காங்கிரஸ் 45 பேரோடு வெளியிலிருந்து தாங்கிப் பிடித்து அவரை முதலமைச்சர் ஆக்கியது, இடதுசாரிகள் வந்துவிடக் கூடாது என்று. 1959 ஜூலை 31, கேரளத்தில் ஜனங்கள் ஓட்டுப்போட்டு வந்த நம்பூதிரிபாடு அரசு கலைப்பு. அன்றைக்கு மாநில சுயாட்சி எங்கே போனது? சென்னையில் தலையிடாததும் கேரளத்தில் தலையிட்டதும் ஒரே கணக்கில் வருகிறது: கம்யூனிஸ்ட் உள்ளே வரக்கூடாது. "என்ன ஆனாலும் சரி மற்றவர்களை உள்ளே விடக்கூடாது" என்று அவரே எழுதினாரே, அதேதான். நோயை அவ்வளவு சரியாக எழுதிவைத்த டாக்டருக்கே அந்த நோய் இருந்தது.

பெசன்ட்நகர் பெரியவர்

1959க்குப் போனால் இந்திராவைக் கொண்டுவருவீர்கள், அப்புறம் 1976 திமுக ஆட்சிக் கலைப்பு, அப்புறம் 1991 கலைப்பு, விடிந்துவிடும். 1952இலேயே நில்லுங்கள்.

ராஜாஜியைப் பற்றி எல்லோரும் பேசுகிறீர்கள், ஒன்று மட்டும் சொல்கிறேன். வந்த ரெண்டே மாதத்தில், ஜூனில், ரேஷன் கட்டுப்பாட்டை எடுத்தார். ரேஷன் கடை வரிசையில் நின்று வளர்ந்தவன் நான், அரிசி மூட்டை சுதந்திரமாக ஊருக்குள் வந்த முதல் வாரம் ஞாபகம் இருக்கிறது. எங்கம்மா அரிசியைக் கையில் அள்ளி மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உலை வைத்தார். யார் நியமித்தார்கள், எந்தக் கதவு வழியாக வந்தார் என்று அம்மாவுக்குத் தெரியாது, தெரிந்திருந்தாலும் அன்றைக்குக் கவலைப்பட்டிருக்க மாட்டார். உங்களுக்கு இது வாதமாகப் படாது. எனக்குப் படுகிறது.

வாலாஜாக்காரன்

எனக்கும் படுது பெரியவரே, நிஜமாகவே. ஆனா அதே அம்மா அடுத்த தேர்தலில் அரிசிக்காக அவருக்கு ஓட்டுப் போட்டிருக்கலாமே, அந்த வாய்ப்பை அவர்தானே கொடுக்கவில்லை? நின்றிருந்தால் அந்த அரிசிக்கே ஜெயித்திருப்பார்.

1954இல் காமராஜர் முதலமைச்சர் ஆனபோது அவரும் சட்டசபை உறுப்பினர் இல்லை, பார்லிமென்டில் இருந்தார். அவருக்கு மட்டும் மேலவைக்கு வழி தெரியாதா என்ன. நேராக எங்க பக்கத்துக் குடியாத்தத்தில் இடைத்தேர்தலில் நின்றார். எங்க தாத்தா அந்தத் தேர்தலைப் பற்றிப் பேசும்போது மட்டும் காங்கிரஸ்காரர் மாதிரியே பேசுவார். "கதவைத் தட்டிட்டு வந்தாருடா" என்பார். அவ்வளவுதான் சொல்வார்.

இடைச்செருகல்

இதுக்கு மட்டும் ஜோக் அடிக்க வரல எனக்கு

செங்கரும்பு

குடியாத்தத்தில் திமுகவும் காமராஜரை எதிர்க்காமல் ஆதரித்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் அண்ணே, எங்கள் கம்யூனிஸ்ட் கட்சிதான் எதிர்த்து நின்று தோற்றது. அந்த வருத்தம் தனி.

கடிதக்கட்டு அண்ணே, கடைசியாக ஒரு விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடிதம் இல்லாவிட்டால் நான் இன்றைக்கு நேருவை இவ்வளவு வசதியாகத் திட்ட முடியாது. 1952ஐயும் 1959ஐயும் அளக்க அவர் வார்த்தையைத்தானே கோலாக வைத்துக்கொண்டேன்? இப்போது இருக்கிறவர்கள் இப்படி எதையும் எழுதி வைப்பதும் இல்லை, போனில் முடித்துவிடுகிறார்கள்.

கடிதக்கட்டு

எடுத்துவிட்டேன் 😀

கோதாவரி அக்கா, உங்கள் பாட்டனார் வாசலில் நின்று முகம் பார்த்த கதையை இன்னும் கொஞ்சம் விரிவாக எழுதுவீர்களா? தனி இழையாகவே போடுங்கள். அந்த வீட்டுப் பக்கம் நானும் நூறு தடவை நடந்திருக்கிறேன், ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.

மயிலாப்பூர் கோதாவரி

எழுதுகிறேன் தம்பி. ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன், தாத்தா எந்தத் தெரு வழியாகப் போவார் என்பதில் எனக்கும் சித்திக்கும் இன்னும் சண்டை தீரவில்லை.